பாடம் 6: ஓடும் நீரை நடக்க வைத்தல்
சரிவான கொங்கிறீட் வடிகான்களில் நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது எப்படி?

ஊருக்குத் திரும்பியுள்ள உங்களிடம் இப்போது பல புதிய பொருட்கள் இருக்கின்றன: புதிய அத்திவாரம், புதிய கூரை, வீட்டு வாசலில் புதிய ஒழுங்கை, அதன் ஓரத்தில் புதிய கொங்கிறீட் வடிகான். இவற்றில் வடிகானை யாரும் அதிகம் கவனிப்பதில்லை. மழை நீர் அதில் ஓடி மறைந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம்.

அந்த நீர் எங்கே போய் விழுகிறது, விழும்போது என்ன வேகத்தில் விழுகிறது என்பதுதான் இந்தப் பாடம். முதல் மாரியிலேயே வீதியோரம் அரிபட்டுப் போவதற்கும், பக்கத்து வளவின் மண் காணாமற்போவதற்கும், சிறுபிள்ளை ஒன்று மதகினுள் இழுபடுவதற்கும் இந்த வேகமே காரணமாகிறது. நம்முடைய பகுதியில் இன்னொரு காரணத்துக்காகவும் இதை அறிந்திருக்க வேண்டும்: வேகமான நீர், நிலத்தில் புதைந்து கிடக்கும் வெடிபொருட்களையும் வெளியே கொண்டுவரக் கூடும்.

இந்தப் பாடத்தை வாசித்து முடிக்கும்போது நீங்கள்:

• உங்கள் வளவைச் சுற்றி நீர் வேகம்பெறும் இடங்களை அடையாளம் காண்பீர்கள்.
• நீரின் வேகத்தை நீங்களே அளப்பீர்கள்.
• வேகத்தைத் தணிக்கும் ஐந்து வழிகளை அறிவீர்கள்.
• எதை நீங்களே செய்யலாம், எதற்கு அதிகாரிகளை அழைக்க வேண்டும் என்று பிரித்தறிவீர்கள்.

1. சமதரை ஊரில் சரிவு எங்கே இருக்கிறது?

"விடத்தல்தீவு கடலோரச் சமதரை. மலைநாட்டுப் பிரச்சினை நமக்கு ஏன்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இங்கே நிலம் தட்டையானதுதான். ஆனால் மனிதர் கட்டிய ஒவ்வொன்றும் நிலத்தைவிட உயர்ந்து நிற்கிறது. உயர்ந்து நிற்கும் எதற்கும் ஒரு சரிவு உண்டு. நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, வீதி. வெள்ளத்தில் மூழ்காமல் இருக்க ஏ-32 போன்ற வீதிகள் மண் நிரப்பி உயர்த்தப்படுகின்றன. வீதியின் மேல் விழும் மழை ஓரத்து வடிகானில் சேர்ந்து, மதகு இருக்கும் இடத்தில் கீழே இறங்குகிறது. அந்த இறக்கம் சில மீற்றர் நீளமே இருக்கலாம். ஆனால் கூரையைப் போலச் செங்குத்தாக இருக்கும்.

இரண்டாவது, குளக்கட்டு. கட்டின் வெளிப்புறச் சரிவில் மழை நீர் இறங்கும் கான்களும், குளம் நிரம்பும்போது வான் பாயும் வாய்க்காலும் இந்த வகையைச் சேர்ந்தவை.

மூன்றாவது, உங்கள் வீடு. உயர்த்திக் கட்டிய அத்திவாரம், கூரைப் பீலி, முற்றத்துக் கான். 55 சதுர மீற்றர் கூரையில் 50 மில்லிமீற்றர் மழை பெய்தால் 2,750 லீற்றர் நீர் சேரும். அவ்வளவும் ஒரே மூலையில் இறங்கினால் அந்த மூலை நிலைக்காது.

நான்காவது, வடிகான் கடலேரிப் பக்கம் முடியும் இடம். மேலே உள்ள கொங்கிறீட் தளத்துக்கும் கீழே உள்ள கண்டல் சேற்றுக்கும் இடையில் அரை மீற்றர், ஒரு மீற்றர் என்று ஒரு வெட்டு விழுந்திருப்பதைப் பல இடங்களில் காணலாம்.

மன்னார்ப் பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,000 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையான மாரியில் வந்துவிடும். எட்டு, ஒன்பது மாதம் காய்ந்து பொடியான மண்ணின் மேல் அவ்வளவு நீரும் சில வாரங்களில் பாய்கிறது. 2008 நவம்பரில் வடக்கை நனைத்த நிஷா புயலையும், 2020 டிசம்பரில் மன்னார் வளைகுடாவைக் கடந்த புரெவிப் புயலையும் அனுபவித்தவர்களுக்கு, ஓர் இரவில் எவ்வளவு நீர் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

2. வேகம் எப்படிப் பிறக்கிறது?

வடிகானில் ஓடும் நீரின் வேகத்தை மூன்று விடயங்கள் தீர்மானிக்கின்றன: சரிவு, தளத்தின் வழுவழுப்பு, நீரின் ஆழம்.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். 40 சென்ரிமீற்றர் அகலமான கொங்கிறீட் வடிகானில் 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு நீர் ஓடுகிறது என்று வையுங்கள். பொறியியலாளர்கள் பயன்படுத்தும் சூத்திரத்தின்படி கணக்கிட்டால்:

• 1,000 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கம்: செக்கனுக்கு ஏறத்தாழ 0.45 மீற்றர். மெதுவாக நடப்பவரின் வேகம்.
• 100 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கம்: செக்கனுக்கு ஏறத்தாழ 1.4 மீற்றர். விரைந்து நடப்பவரின் வேகம்.
• 10 மீற்றருக்கு 1 மீற்றர் இறக்கம்: செக்கனுக்கு ஏறத்தாழ 4.5 மீற்றர். ஓட்டப் பந்தயத்தில் ஓடுபவரின் வேகம்.

அதே வடிகான், அதே ஆழம். சரிவு மட்டுந்தான் மாறியது.

வழுவழுப்பும் இதே அளவு முக்கியமானது. மேசன் தளத்தைப் பளபளவென்று பூசித் தந்தால் நமக்கு மகிழ்ச்சி, நீருக்கும் மகிழ்ச்சி. தளத்தில் கற்களைப் பதித்துக் கரடுமுரடாக்கினால் அதே சரிவில், அதே ஆழத்தில் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். மண் வாய்க்காலில் புல்லும் வேரும் செய்துவந்த வேலை அது. மண் வாய்க்காலைக் கொங்கிறீட்டாக மாற்றும்போது அரிப்பு நின்றுபோவதில்லை. அது வேறிடத்துக்குப் போகிறது. கொங்கிறீட் முடியும் இடத்தில் போய்க் காத்திருக்கிறது.

3. சேதம் ஏன் வாயில் தொடங்குகிறது?

நல்ல கொங்கிறீட் செக்கனுக்குப் பல மீற்றர் வேகத்தையும் தாங்கும். மண்ணால் அது முடியாது. நுண்ணிய மணல் செக்கனுக்கு ஏறத்தாழ 0.45 மீற்றர் வேகத்திலும், மணல் கலந்த பசளை மண் 0.5 மீற்றரிலும், இறுகிய களிமண் 1.1 மீற்றரிலும் அரிபடத் தொடங்கும். மேலே பார்த்த எடுத்துக்காட்டில் சரிவான வடிகானின் நீர் 4.5 மீற்றர் வேகத்தில் வருகிறது. கரையோர மணல் தாங்கக்கூடியதைப்போல் அது பத்து மடங்கு.

வேகம் இரண்டு மடங்கானால் சேதமும் இரண்டு மடங்கு என்று நினைக்க வேண்டாம். வேகம் இரண்டு மடங்கானால் நீரால் உருட்டக்கூடிய கல்லின் குறுக்களவு நான்கு மடங்காகிறது. நிறையோ 64 மடங்காகிறது. மாரிக்குப் பின் வாய்க்காலின் கீழே "இந்தக் கல் எப்படி இங்கே வந்தது?" என்று நாம் வியப்பது இதனால்தான்.

வாயில் விழும் நீர் முதலில் ஒரு சிறு குழி பறிக்கும். குழி ஆழமாகி, வடிகான் தளத்தின் அடிமண்ணைப் பின்னோக்கித் தின்னும். தளம் கீழே ஆதாரமில்லாமல் தொங்கும். பிறகு ஒரு நாள் ஒரு துண்டு உடைந்து விழும். உடைந்த இடம் புதிய வாயாகும். அங்கே மறுபடியும் குழி. இப்படி அரிப்பு படிப்படியாக மேலேறி வீதியை அடையும். உடைப்பு ஒரே இரவில் நடந்ததுபோலத் தெரியும். உண்மையில் அது இரண்டு, மூன்று மாரிகளாக அடியில் நடந்துகொண்டிருந்தது.

இன்னொரு பலவீனமான இடம் இணைப்பு. கொங்கிறீட் தட்டுகள் சேரும் இடைவெளியிலும் வெடிப்பிலும் வேகமான நீர் புகுந்தால், அது தட்டைக் கீழிருந்து மேலே தூக்கும். சிறிய ஊர் வடிகானுக்கு மட்டும் நேரும் கோளாறு அல்ல இது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் உள்ள ஒரோவில் அணையில் 2017 பெப்ரவரியில், சரிவான கொங்கிறீட் வான் வாய்க்காலின் தளம் இவ்வாறே பெயர்ந்து பெரும் பள்ளமானது. அதைத் தொடர்ந்து வந்த ஆபத்தினால் ஏறத்தாழ 188,000 மக்கள் வீடுகளைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பணமும் பொறியியலும் நிறைந்த நாட்டில்கூட நீர் முதலில் தேடியது ஒரு வெடிப்பைத்தான்.

4. கவனம்: அரிபட்ட மண்ணும் வெடிபொருளும்

இந்தப் பகுதியைத் தயவுசெய்து வீட்டிலுள்ள எல்லோருக்கும், முக்கியமாகப் பிள்ளைகளுக்கு, வாசித்துக் காட்டுங்கள்.

2008 ஜூலையில் போர் இந்த ஊரைக் கடந்து சென்றது. மண் அணைகளும் பதுங்கு குழிகளும் இருந்த இடங்களின் அருகில்தான் இன்று பல வீதிகளும் வாய்க்கால்களும் ஓடுகின்றன. கண்ணிவெடி அகற்றும் பணியாளர்கள் துப்புரவு செய்து கையளித்த நிலம் பயன்படுத்தக்கூடியது. ஆனால் வெள்ளம் எல்லைகளை மதிப்பதில்லை. சிறிய பிளாஸ்திக் மிதிவெடிகள் எடை குறைந்தவை. மேல்மண் அரிபட்டால் அவை வெளியே தெரியலாம். நீரோடு நகர்ந்து வேறிடத்தில் படியவும் கூடும். பொஸ்னியாவில் 2014 மே வெள்ளத்தின்போது மண்சரிவுகள் மிதிவெடிகளை மட்டுமன்றி, அவை இருக்கும் இடத்தைக் காட்டிய எச்சரிக்கைப் பலகைகளையும் இழுத்துச் சென்றன.

ஆகவே:

• வெள்ளத்துக்குப் பின் வடிகான் வாயில் புதிதாக விழுந்த குழிக்குள் இறங்க வேண்டாம். முதலில் நின்று பாருங்கள்.
• மதகினுள் அடைந்திருக்கும் குப்பையைக் கையால் இழுக்க வேண்டாம்.
• துப்புரவு செய்யப்பட்டதென்று உறுதி இல்லாத இடத்தில் புதிய வாய்க்கால் வெட்டவோ, கல் பொறுக்கவோ வேண்டாம்.
• சந்தேகமான பொருளைக் கண்டால் தொடாதீர்கள், எறியாதீர்கள், கல்லால் அடிக்காதீர்கள். வந்த அடிச்சுவட்டிலேயே திரும்புங்கள். மற்றவர்களைத் தடுத்து நிறுத்துங்கள். கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ (119) உடனே அறிவியுங்கள்.

நீரின் வேகத்தைக் கட்டுப்படுத்துவது மண்ணை அதன் இடத்தில் வைத்திருக்கிறது. மண் தன் இடத்தில் இருந்தால் அதன் உள்ளே இருப்பதும் பெரும்பாலும் தன் இடத்தில் இருக்கும். அகற்றும் பணியாளர்கள் வந்து சேரும்வரை அது பெரிய பாதுகாப்பு.

5. இந்த அறிவு இங்கே புதியதல்ல

நீரை அவசரப்படுத்தக்கூடாது என்பதை இந்த நாட்டின் பழைய நீர்ப்பணியாளர்கள் நன்றாக அறிந்திருந்தார்கள். மன்னாரில் அருவியாற்றைத் தேக்கம் என்ற இடத்தில் பெருங்கல் அணையால் மறித்து, அங்கிருந்து நீண்ட வாய்க்கால் வழியாகக் கட்டுக்கரைக் குளத்துக்கு நீர் கொண்டுவரப்பட்டது. அடம்பன் பக்கத்து வயல்கள் இன்றும் அந்த நீரில் விளைகின்றன. கலாவாவியிலிருந்து அநுராதபுரத்துக்குப் போகும் யோத வாய்க்கால் அதன் மென்மையான சரிவுக்குப் பெயர்பெற்றது. அதன் முதல் 17 மைலில் மைலுக்கு ஏறத்தாழ 6 அங்குல இறக்கமே உண்டு என்று பொறியியல் நூல்கள் குறிப்பிடுகின்றன.

பெரிய குளங்களின் துருசுகளில் இன்னொரு நுட்பமும் இருந்தது. குளக்கட்டின் உள்ளே, நீர் வெளியேறும் சுரங்கத்தின் வழியில், கல்லால் கட்டிய சதுரக் கிணறு ஒன்று வைக்கப்பட்டது. சிங்களத்தில் இதைப் பிசோக்கொட்டுவ என்பர். ஆழக் குளத்தின் அழுத்தத்தோடு சீறிவரும் நீர் அந்தக் கிணற்றில் அடங்கி, அளவோடு வெளியேறும். பிரித்தானியர் காலத்து நீர்ப்பாசனப் பொறியியலாளர் ஹென்றி பாக்கர், தம் காலத்து ஐரோப்பிய அணைகளின் வால்வுக் கிணறுகளோடு இதை ஒப்பிட்டு எழுதினார்.

மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவர்கள் உங்களிடையே இருந்தால் அவர்களிடமும் கேளுங்கள். தேயிலைத் தோட்டத்துக் குறுக்குக் கான்கள் 120 அடிக்கு 1 அடி என்ற சிறு இறக்கத்தில் வெட்டப்படும். இடையிடையே மண் தேங்கும் குழிகள் இருக்கும். மலையிலிருந்து நேரே கீழிறங்கும் பெரிய கான்களுக்குக் கல் பாவிப் படி கட்டுவார்கள். தோட்டத்தில் கான் வெட்டிய ஒருவருக்கு இந்தப் பாடத்தின் பாதி ஏற்கெனவே தெரியும்.

6. வேகத்தைத் தணிக்கும் ஐந்து வழிகள்

வழி 1: சரிவுக்கு வருமுன் நீரைக் குறையுங்கள்.
எல்லா நீரையும் ஒரே வடிகானுக்குள் தள்ளுவதுதான் முதல் தவறு. கூரை நீரைப் பீலி வழியாகத் தொட்டியில் சேருங்கள். முற்றத்து நீரை மரங்களின் அடியிலும் வாழைப் பாத்தியிலும் இறக்குங்கள். ஒழுங்கையின் நீரை ஒரே இடத்தில் அல்லாமல் இரண்டு, மூன்று இடங்களில் பிரித்து விடுங்கள். ஆழம் குறைந்தால் வேகமும் குறையும். செலவு மிகக் குறைந்த வழி இதுவே.

வழி 2: சரிவைப் படிகளாக்குங்கள்.
ஒன்றரை மீற்றர் உயர இறக்கத்தை ஒரே சறுக்காக விடாமல், 30 சென்ரிமீற்றர் உயரமான ஐந்து படிகளாகக் கட்டலாம். 1 மீற்றர் உயரத்திலிருந்து தடையின்றி விழும் நீர் அடியில் செக்கனுக்கு 4.4 மீற்றர் வேகம் பெறும். 30 சென்ரிமீற்றரிலிருந்து விழும் நீர் 2.4 மீற்றரே பெறும். அதையும் அடுத்த படியில் மோதி இழந்துவிடும். படியின் அகலம் அதன் உயரத்தைப்போல் இரண்டு, மூன்று மடங்காவது இருக்க வேண்டும். குறுகிய படியானால் நீர் அதைத் தாண்டிக் குதித்து, படியே இல்லாததுபோல ஓடும்.

வழி 3: தளத்தைக் கரடுமுரடாக்குங்கள்.
ஏற்கெனவே சறுக்காகக் கட்டிய வடிகானை உடைக்கத் தேவையில்லை. புதிய கொங்கிறீட் படையில் கருங்கற்களைப் பாதி புதைந்தும் பாதி வெளியேயும் இருக்கப் பதிக்கலாம். கற்களை நேர்வரிசையில் வைக்காமல் மாறி மாறி வையுங்கள். இல்லாவிட்டால் இடைவெளியில் நீர் தனக்கென ஒரு பாதை எடுத்துக்கொள்ளும். ஒன்றை மறக்கக்கூடாது: வேகம் குறையும்போது நீரின் ஆழம் கூடும். ஆகவே பக்கச் சுவர் போதிய உயரம் உள்ளதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் நீர் வடிகானை விட்டு வெளியேறி, சுவரின் வெளிப்பக்க மண்ணை அரிக்கும்.

வழி 4: அடியில் ஓர் இளைப்பாறு தொட்டி.
சமையலறையில் ஒரு சிறு சோதனை செய்யுங்கள். கவிழ்த்த தட்டையான தட்டின் மேல் குழாய் நீரை விழ விடுங்கள். நீர் விழும் இடத்தைச் சுற்றி மெல்லிய படலமாக வேகமாகப் பரவும். சற்றுத் தள்ளி ஒரு வளையத்தில் திடீரெனத் தடித்து, மெதுவாகும். வேகமான மெல்லிய நீர், மெதுவான ஆழ நீராக மாறும் இடம் அது. இதை நீர்த் தாவல் என்பர். அந்த இடத்தில் நீர் கொந்தளித்துத் தன் சக்தியைத் தானே செலவழிக்கிறது.

அந்தத் தாவல் மண்ணின் மேல் நடந்தால் குழி விழும். கொங்கிறீட் தொட்டிக்குள் நடந்தால் சேதமில்லை. ஆகவே சரிவின் அடியில் சற்றுத் தாழ்ந்த, நீளமான தொட்டி ஒன்று கட்டி, அதன் வெளி விளிம்பைச் சிறிது உயர்த்துங்கள். விளிம்பின் அடியில் 5 சென்ரிமீற்றர் துளை ஒன்று கட்டாயம் வேண்டும். மழை ஓய்ந்தபின் நீர் முழுதும் வடிய வேண்டும். நீர் தேங்கினால் நுளம்பு பெருகும். 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்றிதழ் பெற்றது; டெங்கு இன்னும் நம்மை விட்டுப் போகவில்லை.

வழி 5: வாயில் கற்பாய் விரியுங்கள்.
தொட்டியை விட்டு வெளியேறும் நீர் நேராக மணலில் விழக்கூடாது. சில மீற்றர் தூரத்துக்குக் கற்களை அடுக்கி, அகலமாக விரியும் பாய்போல அமையுங்கள். கல்லின் அளவுக்கு ஓர் எளிய கணக்கு: செக்கனுக்கு 2 மீற்றர் வேகத்துக்கு ஒரு சாண் அளவான கல், 3 மீற்றர் வேகத்துக்கு ஏறத்தாழ ஒரு முழம் அளவான கல். கல்லுக்கும் மணலுக்கும் இடையில் சல்லிக்கல் படை ஒன்று தேவை. இல்லாவிட்டால் கற்களின் இடைவெளியால் மணல் உறிஞ்சப்பட்டு, கற்கள் ஒவ்வொன்றாகப் புதைந்துபோகும். கொங்கிறீட் முடியும் விளிம்பில், நிலத்துள் அரை மீற்றராவது இறங்கும் குறுக்குச் சுவர் கட்டினால், அரிப்பு பின்னோக்கி ஏறுவதை அது தடுத்து நிறுத்தும்.

ஓர் எச்சரிக்கை: வேகத்தைக் குறைப்பதும் அளவோடுதான். வடிகானுக்குள் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 0.6 மீற்றருக்குக் கீழே போனால் மண்ணும் குப்பையும் படிந்து அடைத்துவிடும். வடிகானுக்குள் நீர் நடக்கட்டும். மண்ணில் கால் வைக்கும் முன் மட்டும் நிதானிக்கட்டும்.

7. நீங்களே அளந்து பாருங்கள்

சரிவை அளக்க: மேசன்மார் பயன்படுத்தும் ஒளி ஊடுருவும் மட்டக் குழாயில் நீர் நிரப்புங்கள். வடிகானில் 10 மீற்றர் இடைவெளியில் இரண்டு தடிகளை நட்டு, குழாயின் இரு முனைகளிலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். இரு குறிகளிலிருந்தும் தளம்வரை உள்ள உயரங்களின் வித்தியாசமே இறக்கம். 10 மீற்றருக்கு 10 சென்ரிமீற்றர் என்றால் நூற்றுக்கு ஒன்று. 10 மீற்றருக்கு 30 சென்ரிமீற்றருக்கு மேல் என்றால் அந்த வடிகானின் வாயை உடனே போய்ப் பாருங்கள்.

வேகத்தை அளக்க: மழை ஓய்ந்து நீர் இன்னும் ஓடும்போது, வடிகானுக்கு வெளியே நின்று, காய்ந்த தேங்காய்ப் பொச்சுத் துண்டு ஒன்றைப் போடுங்கள். 10 மீற்றரைக் கடக்க எத்தனை செக்கன் என்று கைபேசியில் பாருங்கள். 10 ஐச் செக்கனால் வகுத்து, 0.85 ஆல் பெருக்குங்கள்; மேற்பரப்பு நீர் அடிநீரைவிடச் சற்று வேகமாக ஓடுவதால் இந்தத் திருத்தம். 5 செக்கன் எடுத்தால் வேகம் 1.7 மீற்றர்.

பிள்ளைகளை இந்த அளவெடுப்பில் சேருங்கள். ஆனால் நீருக்குள் இறங்க விடாதீர்கள். வேகமாக ஓடும் 15 சென்ரிமீற்றர் நீர் வளர்ந்தவரையே விழுத்தக்கூடும். மதகு வாய்க்கு அருகில் விழுந்தவர் எழும்புவது கடினம்.

8. யாரிடம் கேட்பது?

வளவுக்குள் உள்ள பீலி, முற்றத்துக் கான், மரப் பாத்தி ஆகியவை உங்கள் பொறுப்பு. ஊர் ஒழுங்கைகளும் அவற்றின் வடிகான்களும் மாந்தை மேற்குப் பிரதேச சபையைச் சேர்ந்தவை. ஏ-32 போன்ற பெருவீதிகளின் மதகுகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு உரியவை. சிறு குளங்களுக்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களமும், பெருங்குளங்களுக்கு நீர்ப்பாசனத் திணைக்களமும் பொறுப்பு. கடலேரியும் கண்டற்காடும் உள்ள பெரும்பகுதி 2016 இல் விடத்தல்தீவு இயற்கை ஒதுக்காகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதனுள் வாய்க்கால் வெட்டவோ கல் கொட்டவோ முன் வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும்.

வீதி மதகையோ குளக்கட்டையோ நீங்களாக வெட்டாதீர்கள். நிலைமையை எழுத்தில் அறிவியுங்கள்: இடம், குழியின் ஆழம், மழைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம். "வடிகான் பழுது" என்று எழுதுவதைவிட, "வாயில் 60 சென்ரிமீற்றர் குழி, தளத்தின் அடியில் கை நுழைகிறது, வீதி விளிம்புக்கு 2 மீற்றர் தூரம்" என்று எழுதினால் தொழில்நுட்ப உத்தியோகத்தருக்கு உடனே விளங்கும். கட்டுமானம் நடந்துகொண்டிருக்கும்போதே கேட்பது இன்னும் நல்லது. "இந்த நீர் எங்கே போய் விழும்? அங்கே என்ன கட்டப் போகிறீர்கள்?" இந்த இரண்டு கேள்விகளும் போதும்.

9. அயலவரும் கடலும்

1990 இல் வெளியேற நேர்ந்து புத்தளத்தில் வாழ்ந்த குடும்பங்கள், 2008 இல் இடம்பெயர்ந்து முகாம்களைக் கண்ட குடும்பங்கள், இந்தியாவிலிருந்து திரும்பும் குடும்பங்கள் எல்லாம் இன்று அடுத்தடுத்த வளவுகளில் வேலி போடுகின்றன. பழைய எல்லைக் கற்கள் பல இடங்களில் இல்லை. பழைய நீரோட்டத்தை நினைவில் வைத்திருந்த முதியவர்களும் பலர் இன்று இல்லை. ஆகவே உங்கள் வடிகானின் வாய் யாருடைய வேலிக்கு நேரே திறக்கிறது என்று முதலில் போய்ப் பாருங்கள். உங்கள் முற்றத்தைக் காப்பாற்றிய வேகம் பக்கத்து வீட்டின் கிணற்றடியை உடைக்கக்கூடாது. இரண்டு வீட்டாரும் சேர்ந்து ஒரு தொட்டி கட்டினால் செலவு பாதி, மனத்தாங்கல் இல்லை.

கடைசியில் எல்லா நீரும் கடலேரிக்கே போகிறது. அரிபட்ட மண்ணும் அங்கேதான் போகிறது. அது கண்டல் மரங்களின் மூச்சுவேர்களை மூடினால் மரம் வாடும். மரம் வாடினால் இறால் குஞ்சும் நண்டும் ஒதுங்க இடமில்லை. கரையில் தணித்து விடும் நீர் தொழிலுக்குப் போகிறவரின் வலைக்கும் நன்மை.

10. மாரிக்கு முன், மாரியில், மாரிக்குப் பின்

ஆவணி, புரட்டாதி: வடிகானில் உள்ள மண்ணையும் இலைகளையும் அகற்றுங்கள். தளத்து வெடிப்புகளையும் இணைப்புகளையும் அடையுங்கள். வாயில் கற்கள் இடம்பெயர்ந்திருந்தால் திரும்ப அடுக்குங்கள். கொங்கிறீட் கட்ட வசதி இல்லாவிட்டால் மண் நிரப்பிய உரப்பைகளைப் படிபோல அடுக்கலாம். ஒரு மாரிக்குத் தாங்கும். ஓரங்களில் வெட்டிவேர் நடலாம். அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணைப் பிடிக்கும்.

ஐப்பசி முதல் மார்கழி: முதல் பெருமழைக்குப் பின் ஒரு முறை சுற்றிப் பாருங்கள். நீர் கலங்கலாக வெளியேறினால் எங்கோ மண் அரிபடுகிறது. வீதி விளிம்பில் வெடிப்பு, பள்ளம், சாய்ந்த கம்பம் கண்டால் வாகனங்களை நிறுத்தி அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம் 117.

தை, மாசி: நீர் வற்றியபின் வாயின் குழியை அளந்து எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டும் அளவுங்கள். குழி வளர்ந்திருந்தால் வேகம் இன்னும் தணியவில்லை.

கூட்டத்தில் பேசுவதற்கு

1. நமது ஒழுங்கையின் நீர் எந்த இடத்தில் மண்ணைத் தொடுகிறது? அங்கே இப்போது என்ன இருக்கிறது?
2. நமது பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் எத்தனை மதகுகள் உள்ளன? மழை நாளில் அவற்றுக்கு அருகே யார் நிற்பது?
3. இடம்பெயர்வுக்கு முன் மாரி வெள்ளம் எந்த வழியாகக் கடலுக்குப் போனது? அதை அறிந்த மூத்தவர் இன்னும் யார் இருக்கிறார்?
4. ஐந்து வழிகளில், அடுத்த மாரிக்கு முன் நாம் கூடிச் செய்யக்கூடியது எது?

நான்கில் மூன்றாவது கேள்வியை முதலில் கேளுங்கள். பதில் தெரிந்தவரை அழைத்துக்கொண்டு ஊரைச் சுற்றி நடந்து, அவர் காட்டும் வழியை ஒரு தாளில் வரைந்து, கிராம அபிவிருத்திச் சங்கத்தில் வையுங்கள். அடுத்த வடிகானைத் திட்டமிட வரும் உத்தியோகத்தரிடம் முதலில் அந்தத் தாளைக் காட்டுங்கள்.